காட்ஜில்லாவின் இரும்பு எதிரிகள்: அவற்றைச் செய்த கை யாருடையது?

#1 அலைவாய்

போன வாரம், காட்ஜில்லாவை உருவாக்கிய ஜப்பானியப் பட நிறுவனமான டோஹோவின் படங்களில் மெக்காகாட்ஜில்லா வரும் ஐந்தையும் வெளிவந்த வரிசையிலேயே, ஓர் இரவுக்கு ஒன்று என்று பார்த்து முடித்தேன்: 1974, 1975, 1993, 2002, 2003. முன்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்த்தபோது பிடிபடாத ஒரு விஷயம் இந்த முறை பிடிபட்டது. காட்ஜில்லாவின் உருவத்திலேயே செய்யப்பட்ட இரும்பு எதிரி ஐந்து படங்களிலும் வருகிறது. ஆனால் அதைச் செய்த கை மாறிக்கொண்டே போகிறது.

1974இலும் 1975இலும் அதைச் செய்தவர்கள் கருந்துளையின் மூன்றாம் கோளிலிருந்து வந்த வேற்றுக்கோள்வாசிகள். 1993இல் ஐக்கிய நாடுகள் சபையின் பெயரில் இயங்கும் காட்ஜில்லா தடுப்பு அமைப்பு செய்கிறது. அதற்கான தொழில்நுட்பம் கடலடியில் கிடந்த மெக்கா கிங் கிடோரா என்ற பாதி இயந்திர விலங்கின் சிதைவுகளிலிருந்து எடுத்தது. 2002இல் ஜப்பானியத் தற்காப்புப் படையே செய்கிறது, அதுவும் 1954இல் செத்த முதல் காட்ஜில்லாவின் எலும்புக்கூட்டைக் கடலிலிருந்து தூக்கிவந்து, அதன் மேல் இரும்பைப் பூட்டி. அந்த இயந்திரத்தின் பெயர் கிர்யூ. இயந்திர டிராகன் என்று பொருள்.

என் கட்சி இதுதான்: கிர்யூ வரும் இரண்டு படங்களே இந்த வரிசையின் உச்சம். எதிரியை யார் செய்தார்கள் என்ற கேள்விக்கு "நாம்தான்" என்று நேராகப் பதில் சொன்ன படங்கள் அவை. 1974இன் மெக்காகாட்ஜில்லா ஒரு பளபளப்பான பொம்மை, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

#2 பழைய சுருள்

மறுக்கத்தான் வந்திருக்கிறேன், தம்பி.

1974ஐப் பொம்மை என்கிறீர்கள். படத்தின் தொடக்கத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஃபூஜி மலையிலிருந்து காட்ஜில்லா வெளியே வருகிறது. அதன் பழைய தோழன் அங்கிலஸ் வரவேற்க ஓடவில்லை, பாய்ந்து தாக்குகிறான். பார்ப்பவனுக்கு ஒன்றும் புரிவதில்லை. மனிதர்களுக்கும் புரிவதில்லை. அந்த விலங்குக்கு மட்டும் தெரிகிறது, இது என் நண்பன் இல்லை என்று. சண்டையில் தோல் கிழிந்த இடத்தில் உள்ளிருந்து உலோகம் மின்னுகிறது. அடுத்த நொடி அங்கிலஸின் தாடையை இரு கைகளாலும் பற்றிப் பிளக்கிறது அந்தப் போலி. குழந்தைகளுக்கான படம் என்று டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்களுக்கு முன்னால் நடக்கிறது இது.

பிறகு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் உண்மையான காட்ஜில்லா எதிரே வந்து நிற்கிறது. இரண்டு காட்ஜில்லாக்கள். போலியின் தோல் எரிந்து உதிர்ந்து முழு இரும்புருவம் எழும் அந்த நேரத்துக்கு, இசையமைப்பாளர் மசாரு சாட்டோ பித்தளைக் கருவிகளை அதிரவிட்டிருக்கிறார். சிறப்புக் காட்சிகளை அமைத்த டெருயோஷி நகானோவின் வெடிகள் ஒரு பக்கம். கைவிரல்கள் ஏவுகணைகளாகப் பறக்கின்றன, முழங்காலிலிருந்து ஏவுகணை, கண்ணிலிருந்து வானவில் நிறத்தில் கதிர். தலையைப் பின்பக்கமாகத் திருப்பி, முன்னால் ஒருவனையும் பின்னால் ஒருவனையும் ஒரே நேரத்தில் சுடுகிறது. இதற்குப் பிறகு வந்த எந்த மெக்காகாட்ஜில்லாவும் இவ்வளவு தீமையாகச் சிரிப்பதுபோல் நின்றதில்லை. வாயை அசைக்காமலே அந்த முகம் சிரிக்கிறது.

இன்னொன்று. அந்தப் படம் நடக்கும் இடம் ஒகினாவா. 1945 போரில் சின்னாபின்னமான தீவு. 1972 மே மாதம்தான் அமெரிக்க நிர்வாகத்திலிருந்து ஜப்பானிடம் திரும்பியது. படம் வந்தது அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து. அங்கே வீட்டுக் கூரைகளில் காவலுக்கு வைக்கும் ஷீசா என்ற சிங்க உருவத்தைத்தான் கிங் சீசர் என்ற காவல் விலங்காக ஆக்கினார்கள். அசுமி அரச குலத்தின் முதியவர் ஒருவர், பெருநிலத்து ஜப்பானியர்கள் எங்கள் முன்னோரை ஒடுக்கினார்கள், விலங்கு வந்து அவர்களை அழிக்கட்டும் என்ற மனத்தாங்கலோடு பேசுகிறார். பொம்மைப் படத்தில் இந்தக் கசப்பு எதற்கு வருகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

#3 நீலாங்கரை

ஒரு சந்தேகம். காட்ஜில்லா படங்களில் வந்த முதல் பெரிய ரோபோ மெக்காகாட்ஜில்லாதானா? அதற்கு முன்பே ஜெட் ஜாகுவார் வந்துவிட்டதே?

#4 பழைய சுருள்

ஆமாம், ஜெட் ஜாகுவார் ஓராண்டு மூத்தது. 1973இல் மெகலான் படத்தில் வந்தது. குழந்தைகளுக்கு வைத்த ரோபோ வடிவமைப்புப் போட்டியிலிருந்து பிறந்த பாத்திரம். ஆனால் அது காட்ஜில்லாவின் நண்பன்.

டோஹோவின் முதல் பெரிய ரோபோவைத் தேடினால் 1957க்குப் போக வேண்டும். இஷிரோ ஹோண்டா இயக்கிய 'சிக்யூ போவேகுன்' படத்தில் மோகெரா வருகிறது. ஜப்பானிய மொழியில் அகழெலிபோல் மண்ணைத் தோண்டும் பிராணிக்கு மோகுரா என்று பெயர். அதிலிருந்து வந்த பெயர், மூக்கும் அதுபோலவே கூர்மையாக இருக்கும். மலைச்சரிவை உடைத்துக்கொண்டு வந்து ஊரை எரித்துக்கொண்டு நடக்கும். பாலத்தில் வெடிவைத்து வீழ்த்துவார்கள். அதைச் செய்தவர்களும் வேற்றுக்கோள்வாசிகளே. 1994இல் அதே மோகெரா திரும்பி வந்தபோது மனிதர்கள் செய்த போர் இயந்திரமாக வந்தது. அலைவாய் தம்பி சொன்ன கை மாறுதல் இங்கேயும் நடந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

#5 தறியோசை

மெக்கானிகாங்கை விட்டுவிட்டீர்களே! 1967, 'கிங்காங்கின் எதிர்த்தாக்குதல்'. அதுவும் ஹோண்டாதான். வட துருவத்தில் புதைந்திருக்கும் கதிரியக்கப் பொருளைத் தோண்டியெடுக்க டாக்டர் ஹூ என்ற விஞ்ஞானி கிங்காங்கின் வடிவத்தில் ஒரு ரோபோவைச் செய்கிறான். கதிரியக்கத்தில் அதன் மின்சுற்று செயலிழந்துவிடுகிறது. உடனே அவன் என்ன செய்கிறான்? இயந்திரத்தால் முடியாத வேலைக்கு உயிருள்ள கிங்காங்கைக் கடத்திவருகிறான்! நகலைச் செய்துவிட்டு, அது தோற்றதும் அசலைச் சங்கிலியில் கட்டி வேலை வாங்கும் கதை. கடைசியில் அசலும் நகலும் டோக்கியோ கோபுரத்தில் ஏறிச் சண்டை போடுகின்றன. 333 மீட்டர் கோபுரம், அப்போது கட்டி ஒன்பது ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன.

ஒரு விலங்குக்கு எதிராக அதே விலங்கின் இரும்பு நகல் என்ற யோசனை இந்தப் படத்திலேயே முழுமையாக இருக்கிறது. மெக்காகாட்ஜில்லா அதன் தம்பி.

#6 பட்டறைக்காரன்

நான் இருபது ஆண்டுகளாக இயந்திரப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். சினிமா பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் 2003 படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

அந்தப் படத்தின் நாயகன் யோஷிட்டோ ஒரு மெக்கானிக். விமானி ஆகவேண்டும் என்ற ஆசை அவனுக்கு இல்லை. கிர்யூவுக்குப் பழுது பார்ப்பதே அவன் வேலை, அதை அவன் நேசிக்கிறான். சண்டைக்கு நடுவே கிர்யூ செயலற்று விழும்போது, அதைச் சரிசெய்ய அவனே உள்ளே போகிறான், உள்ளேயே சிக்கிக்கொள்கிறான். முடிவில் கிர்யூ யாருடைய கட்டளைக்கும் காத்திராமல் காட்ஜில்லாவைத் தழுவித் தூக்கிக்கொண்டு கடலை நோக்கிப் பறக்கிறது. ஆழ்கடலில் மூழ்குவதற்கு முன் அவனை வெளியேற்றிவிடுகிறது. அப்போது திரையில் எழுத்துகள் வருகின்றன: "சயோனரா யோஷிட்டோ".

பழுது பார்த்தவனின் பெயர் அந்த இயந்திரத்துக்குத் தெரிந்திருக்கிறது. வேறு எந்தப் படத்திலும் என் வேலையைச் செய்பவனுக்கு ஓர் இயந்திரம் இப்படி விடைசொல்லி நான் பார்த்ததில்லை. நான் கண் கலங்கிவிட்டேன். எதிரி, வில்லன் என்று நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குக் கிர்யூ எதிரியாகவே தெரியவில்லை.

#7 அலைவாய்

அண்ணா, நான் சொல்ல நினைத்ததை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். 2002 படத்திலும் இதற்கு விதை இருக்கிறது. முதல் சண்டையில் காட்ஜில்லா ஒருமுறை உறுமுகிறது. அந்தக் குரலைக் கேட்டதும் கிர்யூவின் எலும்புக்குள் பழைய நினைவு விழித்துக்கொள்கிறது. கண் சிவந்து, மனிதர்களின் கட்டளையை உதறி, காப்பாற்ற வந்த ஊரையே இடித்துத் தள்ளுகிறது. மின்சக்தி தீரும்வரை யாராலும் நிறுத்த முடியவில்லை. தங்கள் ஆயுதம் எப்போது தீர்ந்துபோகும் என்று அதைச் செய்தவர்களே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அந்தப் படத்தில் சாரா என்ற சிறுமி கையில் ஒரு செடியுடன் வருவாள். கிர்யூவும் உயிருள்ளதுதான், அதைப் போய்ச் சண்டைபோட வைக்கிறீர்களே என்று வருந்துபவள் அவள் ஒருத்திதான்.

#8 பழைய சுருள்

ஒரு திருத்தம் மட்டும். 1954 படத்தில் ஆக்சிஜன் அழிப்பான் என்ற ஆயுதம் காட்ஜில்லாவின் சதையைக் கரைத்து எலும்புக்கூடாக்குகிறது, பிறகு அந்த எலும்புக்கூடும் கரைந்து மறைகிறது. கடலடியில் எடுத்து வைக்க எதுவும் மிஞ்சவில்லை. 2002 படக்குழு தங்கள் கதைக்காக அதை மாற்றிக்கொண்டார்கள். எனக்கு அது உறுத்தல்தான். அதைக் கண்டுபிடித்த விஞ்ஞானி செரிசாவா உயிரைக் கொடுத்தது எதற்கு? மிச்சம் ஏதும் யார் கையிலும் சிக்கக்கூடாது என்பதற்காக.

#9 கார்காலம்

செரிசாவாவின் பெயரை எடுத்துவிட்டீர்கள், அதனால் இரண்டு வாரமாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டதை இப்போது எழுதிவிடுகிறேன். இந்த இழையில் எல்லோரும் 1975ஐத் தாண்டிக் குதித்துப் போகிறீர்கள். ஐந்தில் மிகப் பெரிய படம் அதுதான்.

1954இல் டாக்டர் செரிசாவாவாக நடித்தவர் அகிஹிகோ ஹிராட்டா. ஒரு கண்ணை மறைத்த, கூச்ச சுபாவமுள்ள விஞ்ஞானி. அவன் கண்டுபிடித்த ஆக்சிஜன் அழிப்பான் அரசியல்வாதிகள் கைக்குப் போனால் அணுகுண்டைப்போல இன்னோர் ஆயுதமாகிவிடும் என்று அஞ்சுகிறான். ஆகவே குறிப்புகளை எரிக்கிறான், கடலுக்குள் இறங்கி ஒரே ஒருமுறை அதைப் பயன்படுத்துகிறான், தன்னை மேலே இழுக்கும் கயிற்றைத் தானே அறுத்துக்கொள்கிறான். அந்த ஆண்டு மார்ச் 1ஆம் தேதிதான் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் 'தைகோ ஃபுகுர்யூ மாரு' என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. படம் நவம்பர் 3இல் வெளிவந்தது. படம் பார்த்தவர்களுக்கு அந்தக் கயிறு அறுபட்டதன் பொருள் விளங்கியிருக்கும்.

இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 1975 மார்ச்சில், 1954 படத்தை இயக்கிய அதே ஹோண்டா இயக்குகிறார், அதே ஹிராட்டா நடிக்கிறார். இம்முறை அவர் டாக்டர் மாஃபுனே. இவரும் ஒரு விஞ்ஞானி, இவரிடமும் ஒரு பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் உலகம் இவரை எள்ளி நகையாடித் துரத்திவிட்டது. மனைவி வறுமையில் இறந்துவிட்டாள். செரிசாவா தன்னோடு எடுத்துக்கொண்டு போனதை மாஃபுனே வேற்றுக்கோள்வாசிகளிடம் தூக்கிக் கொடுத்துவிடுகிறார். நரைத்த தலைமுடியும் வெறித்த கண்களுமாக அதே நடிகர் அங்கே நிற்கும்போது, செரிசாவா அன்று கயிற்றை அறுக்காமல் மேலே வந்திருந்தால் இப்படித்தான் ஆகியிருப்பாரோ என்று எனக்குத் தோன்றிவிட்டது. அந்த எண்ணம் என்னை விடவே இல்லை.

மாஃபுனேயின் மகள் கட்சுரா. விபத்தில் இறந்தவளை வேற்றுக்கோள்வாசிகள் பாதி இயந்திரமாக்கி எழுப்புகிறார்கள். பிறகு மெக்காகாட்ஜில்லாவை இயக்கும் கருவியை அவள் உடலுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். ஆக அந்தப் படத்தில் மெக்காகாட்ஜில்லா இரண்டு இடத்தில் இருக்கிறது: வெளியே மலைபோல நிற்கும் இரும்பில், உள்ளே ஒரு பெண்ணின் வயிற்றில். அதை நிறுத்த வழி தெரிந்தவள் அவள் ஒருத்தி. அவள் தன்னையே சுட்டுக்கொள்கிறாள். செரிசாவா கயிற்றை அறுத்ததற்கு ஈடான செயல் அது. தந்தையின் பாத்திரத்தில் அதே நடிகர் இருக்க, செயலை மகள் செய்கிறாள்.

இதன் திரைக்கதையை எழுதியவர் யுகிகோ தகாயாமா. கதைப் போட்டி ஒன்றில் தேர்வாகி உள்ளே வந்தவர். ஒரு பெண் எழுதியதால்தான் இரும்புக்கு உள்ளே இருக்கும் வலியைக் கட்சுரா வழியாகக் காட்ட முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஹோண்டா இயக்கிய கடைசிப் படமும் இதுவே.

அலைவாய், எதிரியைச் செய்தது நாம்தான் என்று 2002இல்தான் சொன்னார்கள் என்கிறீர்கள். 1975இலேயே மாஃபுனேயின் வடிவில் சொல்லிவிட்டார்கள்.

#10 நீலாங்கரை

எழுத்து அருமை, கார்காலம் அக்கா. ஆனால் படமாகப் பார்த்தால் 1975 இழுவை. அதில் வரும் இன்னொரு விலங்கான டைட்டனோசாரஸுக்கு ஆளுமையே இல்லை, மெக்காகாட்ஜில்லாவோ பாதிப் படம் வரைக்கும் பழுதுபார்க்கும் கொட்டகையில் நிற்கிறது. மக்களும் போகவில்லை. 1954 படத்துக்கு 96 லட்சம் டிக்கெட் விற்ற வரிசையில், இந்தப் படத்துக்கு 10 லட்சம்கூட விற்கவில்லை. அதன் பிறகு 1984வரை காட்ஜில்லா படமே எடுக்கவில்லை. மிகப் பெரிய படம் என்றால் ஏதோ ஒரு வகையில் கூட்டத்தைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டாமா?

#11 கார்காலம்

அந்தக் காலத்தில் ஜப்பானில் எந்தப் படத்துக்குத்தான் கூட்டம் வந்தது? 1958இல் ஓராண்டுக்கு 112 கோடிக்கும் மேல் டிக்கெட் விற்ற நாடு அது. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்த பிறகு எழுபதுகளில் 20 கோடிக்கும் கீழே சரிந்துவிட்டது. குழந்தைகள் வீட்டில் உட்கார்ந்து அல்ட்ராமேனையும் மாசிங்கரையும் இலவசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1974, 1975 படங்கள் பள்ளி விடுமுறைக்காக டோஹோ நடத்திய சாம்பியன் விழாவில், கார்ட்டூன்களோடு சேர்த்து ஒரே டிக்கெட்டில் காட்டப்பட்டவை. எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் கட்சுராவின் கதையைக் கொண்டுபோய் வைத்தார்கள். கூட்டம் குறைந்ததற்காக அந்தத் துணிவைக் குறைத்து மதிக்க என்னால் முடியாது.

டைட்டனோசாரஸ் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதில் வாதாட எனக்கு ஒன்றும் இல்லை.

#12 மாலைமுரசு

1993ஐ யாரும் தொடவே இல்லையே. நான் தொடுகிறேன்.

அந்தப் படத்தில் மனிதர்கள் காட்ஜில்லாவின் இடுப்பில் இரண்டாவது மூளை ஒன்று இருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். அதைத் துல்லியமாகக் குறிவைக்க, விலங்குகளின் மனத்தை உணரும் மிகி சயேகுசா என்ற பெண்ணை மெக்காகாட்ஜில்லாவுக்குள் உட்கார வைக்கிறார்கள். அவளுக்கு அதில் விருப்பமே இல்லை. கம்பிகள் பாய்ந்து, மின்சாரம் ஏறி, காட்ஜில்லா கால் மடங்கி விழும் காட்சியில் பார்ப்பவருக்கு வெற்றிக் களிப்பு வருவதில்லை, வெட்கம் வருகிறது. குட்டிக் காட்ஜில்லாவைத் தேடி வந்த ஒரு விலங்கை 120 மீட்டர் உயர இயந்திரம் ஒன்று கட்டிவைத்து முடமாக்குகிறது. பிறகு ரோடான் என்ற பறக்கும் விலங்கு தன் உயிரைக் கொடுத்துக் காட்ஜில்லாவை எழுப்பும்போது, நான் எழுந்து நின்றுவிட்டேன்.

ஜப்பானிய நடிகர்களும் வேற்றுநாட்டவரும் கலந்த ஒரு படைப்பிரிவு, சீருடை, அணிவகுப்பு, இஃபுகுபேயின் கனத்த இசை. எல்லாம் சேர்ந்து நம்மை மனிதர்கள் பக்கம் நிற்க வைத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கத்திலிருந்து நகர்த்திவிடுகின்றன. இயக்குநர் தகாவோ ஒகவாராவும் சிறப்புக் காட்சிகளை இயக்கிய கொய்ச்சி கவாகிடாவும் இதை வேண்டுமென்றே செய்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

#13 பட்டறைக்காரன்

உடைக்குள் இருந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் காட்ஜில்லாவாக நடித்த ஹருவோ நகாஜிமா சுமார் 100 கிலோ எடையுள்ள உடைக்குள், சூடான விளக்குகளுக்குக் கீழே நின்றார். 1972வரை அவர்தான். அவருடைய காட்ஜில்லாவில் தோள் குலுங்கும், இடுப்பு அசையும், வால் பின்னால் இழுபடும். மெக்காகாட்ஜில்லாவாக நடிப்பவருக்கு இவை எதுவும் கிடையாது. மூச்சு வாங்குவதுகூட வெளியே தெரியக்கூடாது. உடல் ஓரிடத்தில் மடங்கினாலும் இரும்பு என்ற நம்பிக்கை போய்விடும். 1974, 1975 இரண்டிலும் உள்ளே இருந்தவர் கசுனாரி மோரி. கையை உயர்த்தும்போது தோளிலிருந்து ஒரே துண்டாக உயர்த்துகிறார், திரும்பும்போது முழு உடம்போடு திரும்புகிறார். பழைய லேத் இயந்திரத்தின் அசைவு அது. உயிருள்ள மனிதன் உயிரில்லாததாக நடிப்பதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்று இயந்திரத்தோடு வேலை செய்பவனுக்குத் தெரியும்.

#14 இளந்தூறல்

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். 2021இல் 'காட்ஜில்லா வெர்சஸ் காங்' தமிழிலும் வந்தபோது தியேட்டரில் பார்த்ததுதான் எனக்குத் தொடக்கம். அதில் கிடோராவின் மண்டையோட்டை வைத்து ஒரு நிறுவனம் மெக்காகாட்ஜில்லாவைச் செய்யும், அது தன் இஷ்டத்துக்கு விழித்துக்கொள்ளும். செத்த விலங்கின் எலும்பு, கட்டுக்கடங்காத நினைவு: 2002 படத்திலிருந்து வந்ததா இந்த யோசனை என்று இப்போதுதான் தெரிகிறது. எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். என் அக்கா மகளுக்குப் பத்து வயது. எதிலிருந்து காட்டுவது?

#15 அலைவாய்

இளந்தூறல், 2002ஐயும் 2003ஐயும் ஒரே நாளில் காட்டுங்கள், ஒன்றின் தொடர்ச்சி மற்றொன்று. 1954ஐ இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள்.

பழைய சுருள் ஐயா, கார்காலம் அக்கா இருவருக்கும்: நேற்றிரவு 1974ஐயும் 1975ஐயும் மறுபடி பார்த்தேன். பொம்மை என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். கட்சுரா விழுந்து கிடக்கும் இடத்தில் இஃபுகுபேயின் இசை ஒலிக்கும்போது படத்தை நிறுத்திவிட்டுச் சற்றுநேரம் சும்மா இருந்தேன். ஆனாலும் என் முதல் இடம் கிர்யூவுக்கே. கட்சுராவால் அந்த இரும்பை நிறுத்த முடிந்தது. கிர்யூ தானே நின்றது.

#16 பழைய சுருள்

இளந்தூறல், அலைவாய் சொன்னதைக் கேட்காதீர்கள், 1974இல் தொடங்குங்கள். பத்து வயதுக்கு அதுதான் சரி.

#17 இளந்தூறல்

இரண்டையும் காட்டினேன், ஐயா சொன்ன 1974ஐ முதலில். சண்டை முழுவதும் சோபாவின் மேல் நின்றுகொண்டே பார்த்தாள். காட்ஜில்லா காந்தமாகி, பறந்து தப்பப் பார்த்த மெக்காகாட்ஜில்லாவை இழுத்துப் பிடித்துத் தலையைத் திருகி எடுத்தபோது கைதட்டினாள். படம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி. அங்கிலஸின் தாடை சரியாகிவிட்டதா? அவன் அந்தப் படத்தில் மறுபடி வரவே இல்லையாம். தூங்கப் போகும்போதும் கேட்டாள்.

#18 பழைய சுருள்

அவளிடம் சொல்லுங்கள்: 2004 படத்தில் அங்கிலஸ் வருகிறான். தாடை நன்றாக இருக்கிறது.